ஆலங்காயத்தில் ஏறி அமிர்தியில் இறங்கி

வெள்ளி இரவு, ஆலங்காயம்

வேலூரில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு மலை என்றால் ஏலகிரிதான். பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். கம்பர், கபிலர், ஔவையார் என்று புலவர்கள் பெயரும், பாரி, ஓரி, பேகன் என்று வள்ளல்கள் பெயரும் வளைவுக்கு ஒன்றாக எழுதி வைத்திருப்பார்கள். அருமையான சாலை, மறுக்கவில்லை. ஆனால் சனி, ஞாயிறு வந்துவிட்டால் சென்னைக் கார்களும் பெங்களூர் கார்களும் வரிசை கட்டி ஏறும். வளைவுக்கு வளைவு ஹாரன். மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருக்கும்போது காதோரம் ஒரு கார் உறுமினால் ஏற்றத்தின் சுகமே போய்விடும்.

இந்தப் பக்கம் ஜவ்வாது மலை நீளமாகக் கிடக்கிறது. கிழக்கே போளூர், மேற்கே ஆலங்காயம், வடக்கே அமிர்தி, திருப்பத்தூர் பக்கம் புதூர்நாடு என்று எந்தத் திசையிலிருந்தும் மேலே ஏறத் தார்ச்சாலை இருக்கிறது. வண்டிகள் குறைவு. வாசலிலேயே இப்படி ஒரு மலையை வைத்துக்கொண்டு, சைக்கிளைக் காரில் கட்டிக்கொண்டு ஊட்டிக்கும் கொல்லிமலைக்கும் போகிறோமே என்று எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம். அதனால்தான் இந்தப் பயணத்தை அன்றன்றைக்கே எழுதிவிடுவது என்று வைத்திருக்கிறேன்.

மேற்கே ஏறி, மேலே ஜமுனாமரத்தூரில் தங்கி, வடக்கே இறங்கி வீடு வந்து சேர்வது திட்டம். கூட என் மச்சான் வருகிறான். ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை, வாரத்தில் நாலு நாள் சைக்கிளில்தான் போய் வருகிறான். வழியில் மூன்று மாவட்டங்களைத் தொடுவோம்: வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை. 1989 வரை எல்லாம் ஒரே வட ஆற்காடு. அப்புறம் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-ல் திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் தனியாகப் போயின. என் அப்பா இன்னும் எல்லாவற்றையும் நார்த் ஆற்காடு என்றுதான் சொல்வார். அவர் கணக்குப்படி நாங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போகவே இல்லை.

காலை ஐந்தரைக்கு தொரப்பாடியில் கிளம்பினோம். தை மாதக் குளிர், கையுறை போட்டும் விரல் விறைத்தது. அரியூர், ஸ்ரீபுரம் தாண்டினால் ஊசூர். அங்கே டீ குடித்துவிட்டு அணைக்கட்டு சாலையில் திரும்பியதும் பெங்களூர் நெடுஞ்சாலையின் இரைச்சல் மெல்ல மெல்ல விட்டுப்போகிறது. ஆறு வழிச் சாலையில் போயிருந்தால் வாணியம்பாடி வரை கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்பார்கள். லாரிக் காற்று சைக்கிளை இழுத்துத் தள்ளுவது எப்படி இருக்கும் என்று ஒரு முறை அனுபவித்தவர்கள் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். கொஞ்சம் சுற்றானாலும் உள்சாலைதான் சரி.

அணைக்கட்டு வட்டாரம் முழுக்கக் கத்திரித் தோட்டம். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாலையோரத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் அரைக் கிலோ வாங்கினேன். காம்பில் மட்டுமல்ல, காயின் தலையில் தொப்பி மாதிரி மூடியிருக்கும் பச்சைப் பகுதியிலும் குட்டி குட்டி முட்கள். வெறும் கையால் அள்ளினால் குத்தும்; அவர் காயின் வயிற்றைப் பிடித்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். பையை ஹாண்டில்பாரில் கட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

அணைக்கட்டைத் தாண்டியதும் இடது பக்கம் மலைத்தொடர் கூடவே வருகிறது. அல்லேரி என்ற மலைக்கிராமம் அங்கேதான் இருக்கிறது. 2023 மே மாதம் அங்கே ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான சாலை இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருவதற்குள் உயிர் போய்விட்டது. உடலைத் திருப்பிக் கொண்டுபோகும்போதும் ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, பெற்ற தாய் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு மலை ஏறினார். தமிழ்நாடே பேப்பரில் பார்த்த செய்தி. வண்டி நடமாட்டம் இல்லாத மலைச்சாலை வேண்டும் என்று தேடிப் போகிற என்னைப் போன்றவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். எங்களுக்கு அமைதி, மலைமேல் இருக்கிறவர்களுக்கு அந்தச் சாலையில் வருகிற ஒரே ஒரு பஸ்தான் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரேஷன் எல்லாம். ஒடுகத்தூருக்கு அப்பால் முத்துக்குமரன் மலை அடிவாரத்திலிருந்து பீஞ்சமந்தைக்குத் தார்ச்சாலை வந்ததே சமீபத்தில்தான்.

ஒடுகத்தூர், ஆசனாம்பட்டு, ஆலங்காயம். இந்த நீட்டம் முழுக்க மேடும் பள்ளமும் மாறி மாறி வருகிறது. சாலையோரம் புளிய மரங்கள், மாந்தோப்பு, இடையிடையே செங்கல் சூளை. சொல்லிக்கொள்ளும்படி ஏற்றம் இல்லை. ஆசனாம்பட்டு தாண்டி மச்சானுக்குப் பின் டயர் பஞ்சர். கருவேல முள். டயரின் உள்பக்கம் விரலால் தடவித் தேடியதில் முள்ளின் முனை ரப்பருக்குள் ஒடிந்து நின்றது தெரிந்தது. அதை எடுக்காமல் புது ட்யூப் போட்டால் பத்து நிமிடத்தில் அதையும் குத்தியிருக்கும். நகவெட்டியால் பிடித்து இழுத்தோம்.

ஆலங்காயத்தில் மச்சானின் பெரியம்மா வீடு. கத்திரிக்காய் காரக்குழம்பாகி, கேழ்வரகுக் களியோடு இலைக்கு வந்தது. பெரியம்மா என் சைக்கிளின் பின் சக்கரத்தை உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு மாப்ள இத்தினி பல்லுச் சக்கரம்?" என்று கேட்டார். நாளைக்குத்தான் அதற்கு வேலை.

சனி இரவு, ஜமுனாமரத்தூர்

மலைச்சாலை என்றதும் எல்லோரும் சாய்வு எத்தனை சதவீதம் என்று கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது பஸ் நேரம். ஆலங்காயம் பஸ் நிலையத்தில் ஒரு கண்டக்டரிடம் விசாரித்ததில், காலையில் எது மேலே போகும், எது கீழே வரும், பால் வண்டி எப்போது, மரவள்ளி ஏற்றிய லாரி எப்போது என்று எல்லாம் சொல்லிவிட்டார். இந்த விவரம் எந்த செயலியிலும் கிடைக்காது. முதல் பஸ்ஸை மேலே விட்டுவிட்டு அதன் பின்னால் ஏறினால் அடுத்த பஸ் வரும்வரை சாலை கிட்டத்தட்ட நம்முடையது. இன்னொன்று: விடிவதற்கு முன் ஏறாதீர்கள். காட்டில் கரடி உண்டு, காட்டுப்பன்றி உண்டு. நன்றாக வெளிச்சம் வந்த பிறகு ஆறே முக்காலுக்குப் புறப்பட்டோம்.

காவலூர் வரை ஏற்றம் இதமானது. 100 மீட்டர் போனால் ஐந்தாறு மீட்டர் உயரும் இடங்கள்தான் அதிகம். நடுவில் சமமான துண்டுகளும் வருகின்றன. உட்கார்ந்தபடியே ஏறலாம். பெரியம்மா கேட்ட பல்லுச் சக்கரக் கணக்கு இதுதான்: முன்னால் 34 பல், பின்னால் 34 பல். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின் சக்கரமும் ஒரே சுற்று, சைக்கிள் சுமார் 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம். நடையைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆனால் முழங்காலுக்குச் சேதமில்லை, மூச்சு திணறாது, பேசிக்கொண்டே ஏறலாம். சின்னக் கியர் போடுவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற இளைஞர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பெரிய கியரில் முக்கி முக்கி ஏறிவிட்டு, மறுநாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். மலையில் மெதுவாகப் போகத் தெரிந்தவன்தான் தூரம் போவான்.

இப்படி மெதுவாகப் போகும்போது காது திறந்துகொள்கிறது. இன்று அதை நன்றாகக் கவனித்தேன். முதலில் கேட்பது செயின் சத்தம். பிறகு டயர் தாரில் உரசுவது. அதுவும் பழகிப்போன பிறகு காட்டின் சத்தங்கள் ஒன்றொன்றாக வருகின்றன: மூங்கில் ஒன்றோடொன்று இழுபடுவது, செண்பகம் பள்ளத்திலிருந்து கூப்பிடுவது, எங்கோ கீழே விறகு வெட்டுகிறவரின் கோடாலி. கோடாலி மரத்தில் இறங்குவதைப் பார்த்து, சத்தம் ஒரு நொடி கழித்து வந்து சேர்வதையும் ஒரு வளைவிலிருந்து பார்த்தோம். பஸ் ஏறி வந்தால் மூன்று வளைவுக்கு முன்பே தெரிந்துவிடும். முதலில் ஒரு முனகல், வளைவில் அது காணாமல் போகும், பிறகு இன்னும் கொஞ்சம் பெரிதாகத் திரும்ப வரும். நாங்கள் இறங்கி மண்ணில் ஒதுங்கி நின்றோம். டிரைவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அந்த வளைவுகளில் பஸ்ஸுக்கு முழுச் சாலையும் வேண்டும். நாம் ஒதுங்குவதுதான் நியாயம். அதனால்தான் சொல்கிறேன், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு மலை ஏறாதீர்கள்.

சாலையிலிருந்தே மரங்களுக்கு மேலே வான் ஆய்வகத்தின் வெள்ளைக் கோபுரங்கள் தெரிய ஆரம்பித்தால் காவலூர் வந்துவிட்டது என்று அர்த்தம். கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர். வேலூரைவிட சுமார் 500 மீட்டர் உயரம், காற்றே வேறு மாதிரி இருந்தது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வான் ஆய்வகம் 1968-ல் ஒரு 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு இங்கே தொடங்கியது. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வானியலாளர் வைணு பாப்பு. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது; யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது 1977-ல் தெரியவந்ததில் அதற்கும் பங்கு உண்டு. பாப்பு கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்தது. 1986-ல் அது இயங்கத் தொடங்கியபோது அவர் இல்லை, 1982-லேயே இறந்துவிட்டார். அவர் பெயரையே வைத்தார்கள்.

வெளிச்சம் இல்லாத இடமாகப் பார்த்து அவர் தேடி வந்திருக்கிறார். நான் சத்தம் இல்லாத இடமாகப் பார்த்து வருகிறேன். கேட்டுக்கு வெளியே சைக்கிளைச் சாய்த்துவைத்துக் கொஞ்ச நேரம் நின்றபோது, இந்த இரண்டுக்கும் உள்ள உறவு எனக்கு ரொம்ப நெருக்கமாகத் தோன்றியது. நகரம் வளர வளர வானத்தில் வெளிச்சம் ஏறும், நட்சத்திரம் மங்கும். சாலையிலும் அதுதான் நடக்கிறது. யாராவது முனைந்து காத்தால்தான் இருட்டும் அமைதியும் மிஞ்சும். சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். மாலை வரை இருந்து பார்க்க ஆசைதான், ஆனால் அதற்கு மேல் இருட்டில் காட்டுச்சாலையில் மிதிக்க வேண்டிவரும். குடும்பத்தோடு வேனில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

காவலூரிலிருந்து ஜமுனாமரத்தூர் வரை மலை மேலேயே போகிறோம். ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். சாமை அறுத்த தாள் வயல்கள், வேலியில் படர்ந்த மொச்சை, நடுநடுவே ஐந்தாறு வீடுகள் கொண்ட ஊர்கள். வெயில் இருந்தாலும் சுடவில்லை. ஒரு திண்ணையில் பச்சை மொச்சை உரித்துக்கொண்டிருந்த பாட்டி தண்ணீர் கொடுத்துவிட்டு, ஒரு கை மொச்சையை மச்சான் சட்டைப் பையில் போட்டார். காசு நீட்டினால் கோபம் வந்துவிட்டது. "உங்க ஊருக்கு வந்தா எனக்குத் தண்ணி குடுக்க மாட்டியா?" என்றார்.

மதியம் இரண்டு மணிக்கு ஜமுனாமரத்தூர். ஒரு சின்ன விடுதியில் அறை கிடைத்தது. சாமைச் சோறும் கொள்ளு ரசமும் சாப்பிட்டோம். மச்சான் அப்போதே படுத்துவிட்டான். நாளைக்கு ஞாயிறு, கூட்டம் வரும் என்று விடுதிக்காரர் எச்சரித்தார்.

ஞாயிறு இரவு, ஜமுனாமரத்தூர்

காலை ஏழு மணிக்கு பீமன் அருவிக்குப் போனோம். தண்ணீர் மெலிந்திருந்தாலும் ஓடிக்கொண்டிருந்தது. இந்த மலையில் விழுகிற மழைதான் செய்யாறாகவும் நாகநதியாகவும் கீழே இறங்குகிறது. எட்டரை மணி வரை நாங்கள் இரண்டு பேரும் ஒரு காகமும்தான். பத்து மணிக்கு பைக்குகள் வர ஆரம்பித்தன. சைலன்சரைக் கழற்றிவிட்டு வருகிறவர்களின் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கிறது. மலைக்கு வருகிற யாரையும் வராதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் இந்தச் சத்தத்தைக் கொண்டுவருகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. அருவிக்குப் பக்கத்திலேயே வீடுகள் இருக்கின்றன, தொட்டிலில் குழந்தைகள் தூங்குகின்றன. அதனால் முக்கியச் சாலையை அவர்களுக்கே விட்டுவிட்டுக் கோவிலூர் பக்கமாகக் கிளைச்சாலையில் திரும்பினோம்.

இன்றைய நாளில் எழுத வேண்டியது அந்தக் கிளைச்சாலையில் நடந்ததுதான்.

ஒரு மேட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தருகிற சைக்கிள். கேரியரில் ரேஷன் அரிசி மூட்டை. மேடு முடிந்ததும் ஏறி உட்கார்ந்து இறக்கத்தில் விட்டான். நாங்களும் பின்னாலேயே இறங்கினோம். பார்த்தால் அவன் பிரேக்கைப் பிடிக்கவே இல்லை; இடது காலை இறக்கிச் செருப்பைத் தாரில் உரசி உரசித்தான் வேகத்தைக் குறைக்கிறான். கீழே சமதளத்தில் அவனை நிறுத்திக் கேட்டோம். பிரேக் கட்டை தேய்ந்து ரப்பரே இல்லை, இரும்புதான் மிச்சம். பிடித்தால் ரிம்மை அறுக்கிறது, கிறீச்சென்று சத்தம் வேறு. அதனால் செருப்பு. செருப்பின் குதிகால் பக்கம் சாய்வாகத் தேய்ந்து கத்தி முனை போலக் கூராக இருந்தது.

"எத்தினி நாளா இப்படி ஓட்ற?" என்றான் மச்சான்.

"ஆயுத பூஜைலேர்ந்து, அண்ணா."

மூன்று மாதத்துக்கு மேல். தினமும் பள்ளிக்கூடத்துக்கு இதே சாலையில்.

என் பையில் இருந்த பிரேக் கட்டைகள் அந்தச் சைக்கிளுக்குப் பொருந்தாது. அரிசி மூட்டையை அவன் வீட்டில் இறக்கிவிட்டு மூன்று பேருமாக ஜமுனாமரத்தூர் திரும்பினோம். ஒரு பஞ்சர் கடையில் டப்பாவைக் கவிழ்த்துத் தேடி நாலு கட்டைகள் எடுத்துக் கொடுத்தார்கள். கழற்றினால் பழைய கட்டை தகடாக வந்தது. புதுசை மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: கட்டை ரிம்மின் மேல் மட்டும் பட வேண்டும், டயரைத் தொடவே கூடாது. மேலே ஏறினால் டயரை அறுத்துவிடும், கீழே இறங்கினால் பிடிக்காது. ரிம்மில் இரும்பு அறுத்த சொரசொரப்பு இருந்ததை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்து, கம்பியை இழுத்துக் கட்டினோம். பையனையே ஒரு பக்கம் செய்யச் சொன்னேன். ஸ்பேனரைப் பிடித்ததும் அவனுக்குப் பழக்கப்பட்ட வேலை மாதிரி கை ஓடியது.

பிறகு அவன் என் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தான். "இது எத்தினி கியர், அண்ணா?" சொன்னேன். ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். தெருமுனை மேட்டில் கியரை மாற்றி ஏறிவிட்டுத் திரும்பி வந்தவன், "காலுக்கு வேலையே இல்ல" என்றான். அவன் ஓட்டுவது ஒற்றைக் கியர் சைக்கிள். எடையும் என்னுடையதைவிட ஜாஸ்தி. அதில் மூட்டையோடு இந்த மேட்டையெல்லாம் தினம் பார்க்கிறான். தமிழ்நாட்டு மலைச்சாலைகளில் உண்மையான சைக்கிள்காரர்கள் யார் என்று என்னைக் கேட்டால் இந்தப் பிள்ளைகளைத்தான் சொல்வேன். நாங்கள் பிரெவே என்கிற நெடுந்தூர சைக்கிள் ஓட்டம் ஓட்டுகிறோம், 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கிறோம், பதக்கம் வாங்குகிறோம். அந்தப் பெருமையெல்லாம் இருக்கட்டும். மலை மேல் பள்ளிக்கூடங்களுக்குப் போகிற சைக்கிள்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை பிரேக் கட்டையும் ட்யூபும் மாற்றிக் கொடுப்பது எங்களைப் போன்ற சைக்கிள் குழுக்களால் முடிகிற காரியம். செலவு பெரிதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு ஸ்பேனர், ஒரு பெட்டி பிரேக் கட்டை. வேலூர் போனதும் இதைப் பேசி முடிக்க வேண்டும் என்று மச்சானும் நானும் முடிவு செய்திருக்கிறோம்.

சாயங்காலம் தேன் விற்கிற ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தோம். இங்கிருந்து கேரளாவுக்கும் குடகுக்கும் மிளகு, காப்பி பறிக்கப் போகிறவர்கள் அதிகம் என்றார். கீழ்சேப்பிளியில் பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்காகக் கற்பலகைகளை நிறுத்திக் கட்டிய கல்திட்டைகள் இருக்கின்றன, அதைப் பார்க்காமல் போகாதீர்கள் என்றும் சொன்னார். நாளைக்கு நேரம் போதாது.

திங்கள் இரவு, வேலூர்

திங்கட்கிழமை காலை ஜமுனாமரத்தூர் வேறு ஊராக இருந்தது. பைக்குகள் போய்விட்டன. சீருடைப் பிள்ளைகள் நடந்து போகிறார்கள், டீக்கடையில் ரேடியோ. மலைக்கு வர விரும்புகிறவர்கள் லீவு போட்டாவது வாரநாளில் வாருங்கள், வித்தியாசம் தெரியும்.

நம்மியம்பட்டு வழியாக அமிர்திக்கு இறங்கும் சாலை இந்தப் பயணத்திலேயே அமைதியானது. சில இடங்களில் தார் பெயர்ந்து ஜல்லி கிடக்கிறது. 28 மில்லிமீட்டரைவிட ஒல்லியான டயரோடு வராமலிருப்பது நல்லது. காற்றையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டோம். நம்மியம்பட்டு வரை மேடு பள்ளம்தான். அதற்கப்புறம் காடு அடர்ந்து சாலை வளைந்து வளைந்து கீழே போகிறது.

ஏறுவதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், இறங்குவதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. விபத்து நடப்பது இறக்கத்தில்தான். மச்சான் சைக்கிளில் ரிம் பிரேக். நெடுக அமுக்கிப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கக்கூடும். வளைவுக்கு முன்னால், சைக்கிள் நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவுக்குள் நுழையும்போது விட்டுவிட வேண்டும். பிறகு நேர் துண்டில் ரிம் காற்றில் ஆறும். வளைவின் வெளிப்பக்கப் பெடலைக் கீழே வைத்து அதில் கால் பாரத்தை ஊன்ற வேண்டும். கண் வளைவு முடிகிற இடத்தில் இருக்க வேண்டும். முன் சக்கரத்துக்கு அடியில் பார்த்தால் சைக்கிள் அங்கேயே போகும். முதல் வளைவுகளில் அவன் தோளெல்லாம் இறுகி இருந்தது. பாதி இறங்குவதற்குள் பிடிபட்டுவிட்டது. "மாமா, இப்ப கையே வலிக்கல" என்று பின்னாலிருந்து கத்தினான். நடுவில் ஒரு இடத்தில் நின்று ரிம்மைத் தொட்டுப் பார்த்தோம். இளஞ்சூடுதான்.

எதிரே வந்தவை ஒரு பஸ், இரண்டு பைக், தலையில் புல்லுக்கட்டோடு ஒரு அம்மா. ஒரு வளைவில் சாலை நடுவே குரங்குக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. நாங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். தின்பண்டம் எதுவும் வெளியே தெரியாமல் வைத்திருந்ததால் அவை எங்களை மதிக்கவே இல்லை.

அமிர்தியில் நாகநதியைத் தொட்டோம். 1967-லிருந்து இருக்கிற சிறு உயிரியல் பூங்கா இங்கே உண்டு. பள்ளிக்கூடச் சுற்றுலா என்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதுதான். நாகநதி வருஷக்கணக்கில் வறண்டு கிடந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். நூறு நாள் வேலையில் கிராமத்துப் பெண்கள் ஊர் ஊராக நீர் செறிவூட்டும் கிணறுகளும் தடுப்புகளும் கட்டி நிலத்தடி நீரை மீட்டார்கள். 2021 செப்டம்பரில் பிரதமரின் மனதின் குரல் வானொலி உரையில்கூட நாகநதி இடம் பெற்றது. இன்று பாறை இடுக்குகளில் தெளிந்த தண்ணீர் ஓடியது. முகம் கழுவிக்கொண்டு கரையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சுடுமணலில் நடந்து போன ஒரு பெரியவர், "மழ பேஞ்சி ரெண்டு மாசம் ஆச்சி, இன்னும் தண்ணி கீது பாரு" என்று எங்களிடம் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அங்கிருந்து வேலூர் சுமார் 25 கிலோமீட்டர். வெயில் ஏறிவிட்டது. கம்மவான்பேட்டையில் டீ குடிக்க நின்றோம். வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருக்கிற ஊர் என்பார்கள். கடையில் உட்கார்ந்திருந்த ஒரு முன்னாள் ராணுவக்காரர் எங்கள் வழியை ஒவ்வொரு ஊராகக் கேட்டுக்கொண்டார். ஆலங்காயம் பக்கம் ஏறினோம் என்றதும் தலையை ஆட்டி மறுத்தார். "அது சுலுவு தம்பி. இப்ப எறங்கி வந்தீங்களே, அமிர்தி பக்கம், அத ஏறி வந்து சொல்லுங்க." மச்சான் உடனே சரி என்றுவிட்டான். பிரேக் கட்டைப் பெட்டியோடு அடுத்த தடவை போகும்போது இந்தப் பக்கமாகத்தான் ஏறப்போகிறோம். வேலூரிலிருந்து நேராக, கணியம்பாடி சாலையில், காலை ஐந்து மணிக்கு.